குர்பானிக் கத்தியும் கையடக்கச் சாணையும்

துல்ஹஜ் பிறை தென்பட்டுவிட்டால் நம் இல்லங்களில் பேச்செல்லாம் குர்பானிப் பிராணியைப் பற்றியே இருக்கும். எத்தனை பல், என்ன எடை, கொம்பு முறிந்திருக்கிறதா, காது கிழிந்திருக்கிறதா, நடையில் குறை உண்டா என்று அனைத்தையும் ஆராய்ந்து வாங்குகிறோம். இறைச்சியை எத்தனை பங்காக்குவது, யார் யாருக்கு அனுப்புவது என்றும் முன்கூட்டியே திட்டமிட்டு விடுகிறோம். ஆனால் அந்தப் பிராணியின் கழுத்தில் வைக்கப்போகும் கத்தியைப் பற்றிய நினைவு பெரும்பாலும் பெருநாள் தொழுகை முடிந்து வீடு திரும்பிய பின்னரே வருகிறது. சென்ற ஆண்டு செய்தித்தாளில் சுற்றி வைத்த கத்தியைத் தேடி எடுத்து, வாசற்படிக் கல்லில் நான்கு முறை தேய்த்துவிட்டு, அதுவே போதுமென்று புறப்பட்டு விடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வாசகர்களே, இது சிறிய கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. மழுங்கிய கத்தியால் அறுக்கப்படும் பிராணி அனுபவிக்கும் வேதனைக்கு நாமே பொறுப்பாளிகள். மழுங்கிய கத்தியை அழுத்தி அறுக்க முயலும்போது அது வழுக்கி, பிடித்திருப்பவரின் கையைப் பதம் பார்ப்பதும் உண்டு.

மார்க்கம் கற்றுத்தரும் ஒழுங்கு

எல்லாக் காரியங்களிலும் அழகிய முறையைக் கடைப்பிடிப்பதை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், அறுக்கும்போது அதையும் அழகிய முறையில் செய்ய வேண்டும் என்றும், அறுப்பவர் தம் கத்தியைக் கூர்மையாக்கிக்கொண்டு பிராணிக்குச் சிரமம் தராதிருக்க வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கத்தியைத் தீட்டுவது வெறும் கைத்தொழில் நுணுக்கம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, 'இஹ்ஸான்' என்னும் உயர்ந்த பண்பை விளக்கும் இடத்திலேயே அண்ணலார் அதைச் சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள்.

அதே நூலில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக இன்னொரு நிகழ்ச்சி வருகிறது. குர்பானிக்காகக் கொம்புள்ள செம்மறிக் கடா ஒன்று கொண்டு வரப்பட்டது. நபியவர்கள் அன்னையாரிடம் கத்தியைக் கேட்டு, அதை ஒரு கல்லில் தீட்டித் தருமாறும் பணித்தார்கள். அன்னையார் தீட்டிக் கொடுத்த பின்னரே அதை வாங்கி அறுத்தார்கள். நம் சகோதரிகள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். கத்தி தீட்டுவது ஆண்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். நபியவர்களின் இல்லத்தில் அந்தப் பொறுப்பு ஒரு பெண்மணியின் கையில் இருந்திருக்கிறது!

மற்றொரு செய்தி நம்மை எச்சரிக்கிறது. ஒருவர் ஆட்டைப் படுக்க வைத்து, அதன் மேல் காலை ஊன்றிக்கொண்டு, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதைக் கண்ட நபியவர்கள், இதை முன்னரே செய்திருக்கலாகாதா என்றும், அதை இருமுறை சாகடிக்க விரும்புகிறீரா என்றும் கருத்துப்படக் கண்டித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தப்ரானீ, ஹாகிம் ஆகிய தொகுப்புகளில் இது இடம்பெற்றுள்ளது.

இவற்றிலிருந்து இரண்டு கடமைகள் தெளிவாகின்றன: கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், தீட்டும் வேலை பிராணியின் கண்ணுக்கு முன்னால் நடக்கலாகாது. எந்தச் சாணையை வாங்கினாலும் இந்த இரண்டு கடமைகளுக்கும் அது உதவ வேண்டும்.

வீட்டில் தீட்டினால் போதாதா?

பெருநாளுக்கு இரண்டு நாட்கள் முன்னதாக வீட்டிலேயே நிதானமாகத் தீட்டி வைப்பதுதான் முதன்மையானது. அதில் ஐயமில்லை. ஆயினும் பலருக்குக் குர்பானி நடப்பது தோட்டத்திலோ, தென்னந்தோப்பிலோ, வீட்டுக்குப் பின்னுள்ள வெட்டவெளியிலோ, ஊரார் ஒதுக்கிய பொது இடத்திலோதான். அங்கே மின்சாரமும் இராது. குழாய்த் தண்ணீரும் இராது.

கூர்மையான கத்தியின் வாய் தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது. கழுத்தெலும்பில் ஒருமுறை பட்டால் அந்த மெல்லிய விளிம்பு ஒருபுறமாக மடங்கிவிடும். ஆட்டின் உரோமத்தில் ஒட்டியிருக்கும் மணலே அதை மழுக்கப் போதுமானது. சிமெண்டுத் தரையில் உரசினாலும் இதே கதிதான். ஒரே கத்தியால் மூன்று நான்கு பிராணிகளை அறுக்கும் இடங்களில், முதல் ஆட்டுக்கு இருந்த கூர்மை கடைசி ஆட்டுக்கு இருப்பதில்லை. முதல் ஆட்டுக்குக் காட்டிய பரிவைக் கடைசி ஆட்டுக்கு மறுப்பது நியாயமாகுமா?

சைக்கிளில் சக்கரம் பொருத்திக்கொண்டு தெருத் தெருவாக வரும் சாணைக்காரரை அன்று காலையில் எதிர்பார்க்க முடியாது. அவர் முன்னரே வந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் தொடாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் கத்தியை அழுத்திப் பிடித்தால் விளிம்பு கடுமையாகச் சூடேறும். நீல நிறம் படர்ந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர்மை நிலைக்காது. பொறி பறக்கத் தீட்டுவதே நல்ல சாணை என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆகவே, பையில் அடங்கக்கூடிய சிறிய சாணை ஒன்று ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பது நல்லது.

கடையில் கிடைக்கும் வகைகள்

*இருபக்கக் கல்:* ஒருபுறம் சொரசொரப்பாகவும் மறுபுறம் வழுவழுப்பாகவும் இருக்கும் இக்கல்லை இரும்புக் கடைகளில் 'கார்பொரண்டம் கல்' என்று கேட்டால் தருவார்கள். சிலிக்கன் கார்பைடு என்னும் செயற்கைப் பொருளே கார்பொரண்டம். அமெரிக்கரான எட்வர்டு அச்சேசன் 1891-ஆம் ஆண்டு இதைக் கண்டறிந்தார். நம் சென்னையிலும் இத்தொழில் 1954-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் மூலம் வேரூன்றியது. விலை குறைவு; மிகவும் மழுங்கிய கத்தியையும் மீட்டுவிடும். ஆனால் கனமானது; கீழே விழுந்தால் உடையும்; தண்ணீரோ எண்ணெயோ தேவைப்படும். நாளடைவில் நடுவில் குழி விழும். எனவே வீட்டில் வைத்துக்கொள்ள உகந்தது. வெளியிடத்திற்கு அவ்வளவு வசதியானதன்று.

*வைரத் தகடு:* எஃகுத் தகட்டின் மீது தொழிற்சாலை வைரத் துகள்களை நிக்கல் பூச்சினால் பதித்திருப்பார்கள். இயற்கையில் வைரத்தைவிடக் கடினமான பொருள் இல்லை என்பதால் எந்த எஃகையும் இது தீட்டிவிடும். லாரிப் பட்டையிலிருந்து கொல்லர் அடித்துத் தரும் கத்தியாயினும் சரி, துருப்பிடிக்காத எஃகுக் கத்தியாயினும் சரி, இதற்கு ஒன்றுதான். எடை குறைவு, நடுவில் குழி விழாது, தண்ணீர் இல்லாமலும் வேலை செய்யும். மடக்கக்கூடிய பிடியுடன் சட்டைப் பையில் அடங்கும் அளவிலும் கிடைக்கிறது. ஒரே எச்சரிக்கை: அழுத்தித் தேய்க்கலாகாது. அழுத்தினால் துகள்கள் உதிர்ந்துவிடும். மிக மலிவான தகடுகளில் இவை விரைவிலேயே உதிர்ந்து வெறும் தகடு மிஞ்சும். புதிய தகடு முதலில் சற்று முரடாகவே தீட்டும். சிலமுறை பயன்படுத்திய பின்னரே பழகும். ஆதலால் பெருநாளன்று முதன்முதலாக உறையைப் பிரிக்காதீர்கள். சில வாரங்களுக்கு முன்னரே வாங்கி, சமையலறைக் கத்திகளில் பழக்கிக்கொள்ளுங்கள்.

*பீங்கான் கோல்:* மிக மென்மையாகத் தீட்டும். ஓரளவு கூர் குறைந்த கத்தியை மீண்டும் பளிச்சென்று ஆக்கும். ஆனால் கல்தரையில் விழுந்தால் துண்டு துண்டாகிவிடும். இரும்புத் துகள் படிந்து கறுத்துவிட்டால் சோப்பும் தேய்ப்பானும் கொண்டு கழுவ வேண்டும்.

*எஃகுக் கோல்:* இறைச்சிக் கடைக்காரர் இடுப்பில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் நொடிக்கொருமுறை கத்தியை அதில் வீசித் தேய்ப்பதைக் கண்டு, அதுதான் சாணை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மடங்கிய விளிம்பை நிமிர்த்தும் கருவி. ஏற்கனவே நன்கு தீட்டிய கத்தியின் கூர்மையை நீடிக்கச் செய்யும். முற்றிலும் மழுங்கிய கத்தியை அதில் எத்தனை முறை தேய்த்தாலும் பயனிராது.

*இழுப்புச் சாணை:* இரண்டு கடின உலோகத் துண்டுகளை 'வி' வடிவில் பொருத்தியிருப்பார்கள். கத்தியை இடையில் விட்டு இழுத்தால் போதும் என்று விளம்பரம் செய்வார்கள். இது எளிதானதுதான். ஆனால் விளிம்பைத் தீட்டுவதற்குப் பதிலாகச் சுரண்டி எடுப்பதால், வாய் முழுவதும் நுண்ணிய பற்கள் போன்ற சொரசொரப்பு எஞ்சும். காய்கறி நறுக்க அது போதலாம். பிராணியின் கழுத்தில் வைக்கும் கத்திக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நறுக்கென்று அறுக்க வேண்டிய இடத்தில் பிய்த்து அறுக்கும் கத்தி எதற்கு?

எதைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டிற்கு ஓர் இருபக்கக் கல். வெளியிடத்திற்கு ஒரு வைரத் தகடும் ஒரு துண்டுத் தோலும்: சராசரிக் குடும்பத்திற்கு இவை மூன்றும் போதுமானவை. பல பிராணிகளை அறுத்துக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இவற்றோடு எஃகுக் கோல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது மேலுறையில் உள்ள எண்ணைப் பாருங்கள். எண் பெருகப் பெருகத் துகள் நுண்ணியதாகும். நாட்டுக்கு நாடு இந்த எண்முறை வேறுபடுவதால் மைக்ரான் அளவு அச்சிடப்பட்டிருந்தால் அதையே நம்பலாம். வைரத் தகடுகளில் 325 என்பது ஏறத்தாழ 45 மைக்ரான், இது முரடு. 600 என்பது 25 மைக்ரான், இது மென்மை. 1200 என்பது 9 மைக்ரான். இது மிக மென்மை. வீட்டிலேயே நன்கு தீட்டிச் செல்பவருக்கு வெளியிடத்தில் ஒருபுறம் 600, மறுபுறம் 1200 உள்ள தகடு ஏற்றது. 325 மட்டும் உள்ள தகட்டை வாங்கினால் கூர்மை முரடாகவே நின்றுவிடும்.

தகட்டின் நீளத்தையும் கவனியுங்கள். அறுப்புக் கத்தி நீளமானது. விரல் நீளத் தகட்டில் அதைச் சீராகத் தீட்டுவது கடினம். குறைந்தது 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். பிடி, ஈரக் கையிலும் வழுக்காததாக இருக்க வேண்டும். விரல்களுக்கும் கத்தி வாய்க்கும் இடையே தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது.

தோல் துண்டு எதற்கு என்று கேட்பீர்கள். சவரக் கத்தியை நாவிதர் தோல்வாரில் தீட்டுவதைப் பெரியவர்கள் கண்டிருப்பார்கள். கல்லில் தீட்டிய பின் விளிம்பில் எஞ்சும் நுண்ணிய பிசிறைத் தோல் நீக்கிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் தொழில் ஊர்களில் பதனிட்ட மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல் துண்டு எளிதில் கிடைக்கும். வெளிநாட்டுத் தயாரிப்பாக வாங்கினால் அது எந்தப் பிராணியின் தோல் என்று விசாரித்து, பன்றித்தோல் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்புவோரிடம் கத்தியோ சாணையோ வாங்கி வரச் சொன்னால், அதைக் கைப்பையில் வைக்காமல் விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கும்படி சொல்ல மறவாதீர்கள்.

தீட்டும் முறை

சாணையில் கத்தியை எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஏறத்தாழ 20 பாகை சாய்வு போதுமானது. அதை அளக்கக் கருவி தேவையில்லை. கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்திற்கு அதன் முதுகைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடியுங்கள். 3 சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தி என்றால் முதுகு 1 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கட்டும். தொடக்கம் முதல் முடிவு வரை இந்தச் சாய்வு மாறலாகாது.

கல்லின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பதுபோல், வாய்ப்பக்கம் முன்செல்ல, பிடியருகிலிருந்து முனை வரை இழுத்துத் தேயுங்கள். ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். முதுகிலிருந்து வாயை நோக்கி விரலை வெளிப்புறமாக மெதுவாக வருடினால் அது தட்டுப்படும். வாயின் நெடுகே மட்டும் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள். பிடி முதல் முனை வரை பிசிறு எழுந்த பின்னரே மறுபக்கத்தைத் தொடங்க வேண்டும். இரு பக்கமும் முடிந்ததும் மென்மையான பக்கத்தில் மாறி மாறி இலேசாகச் சிலமுறை தேய்த்து, இறுதியில் தோலில் தீட்டுங்கள். தோலில் தீட்டும்போது முதுகுப்பக்கம் முன்செல்ல வேண்டும். வாயை முன்செலுத்தினால் தோல் வெட்டுப்படும்.

கல்லுக்கு எண்ணெய் இடுவதாயின் தையல் இயந்திர எண்ணெய் போன்ற இலேசான எண்ணெயைப் பயன்படுத்துங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் முதலியன நாளடைவில் பிசினாகிக் கல்லின் துளைகளை அடைத்துவிடும். வேலை முடிந்ததும் கத்தியைச் சோப்பும் சுடுநீரும் கொண்டு கழுவித் துடைத்துவிட வேண்டும். எண்ணெயும் இரும்புத் தூளும் இறைச்சியில் சேரலாகாது.

கூர்மையைச் சோதிக்கக் கட்டைவிரல் வேண்டாம். செய்தித்தாளின் ஒரு தாளைத் தொங்கவிட்டுப் பிடித்து, கத்தியைப் பிடியருகிலிருந்து முனை வரை அதில் ஓட்டுங்கள். சீராக வெட்டினால் கத்தி தயார். எந்த இடத்தில் தாள் கிழிகிறதோ, அங்கே பள்ளமோ மழுக்கமோ இருக்கிறது. அந்த இடத்தை மீண்டும் கவனியுங்கள்.

பெருநாள் காலையில்

அறுப்பதற்கு ஒரு கத்தி, தோலுரிப்பதற்கு வேறு கத்தி, எலும்பு வெட்ட வெட்டுக்கத்தி என்று பிரித்து வையுங்கள். அறுக்கும் கத்தி எலும்பையும் தரையையும் தொடாதிருந்தாலே அதன் கூர்மை நெடுநேரம் நிற்கும். அது ஓரளவு நீளமாகவும் இருக்கட்டும். குட்டைக் கத்தியால் திரும்பத் திரும்ப இழுத்து அறுக்கும் நிலை வரலாகாது. மூச்சுக்குழலும் உணவுக்குழலும் இரத்த நாளங்களும் தாமதமின்றித் துண்டிக்கப்பட்டு, இரத்தம் விரைந்து வெளியேற வேண்டும்.

சாணையை அறுக்கும் இடத்தில் வைக்காதீர்கள். சுவருக்கு அப்பாலோ, மரத்திற்குப் பின்னாலோ, பிராணியின் பார்வை படாத இடம் ஒன்றைத் தேர்ந்து, அங்கே ஒரு பலகை, தண்ணீர்ச் செம்பு, சுத்தமான துணி, வைரத் தகடு, தோல் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ஒரு பிராணி முடிந்ததும் கத்தியை அங்கே கொண்டு சென்று, கழுவித் துடைத்து, தாளில் சோதித்துப் பாருங்கள். கொழுப்பு படிந்த கத்தியைத் தகட்டில் தேய்த்தால் தகடும் பாழ், கூரும் வராது. கூர் குறைந்திருந்தால் பக்கத்திற்கு ஐந்தாறு முறை இலேசாகத் தேய்த்துத் தோலில் தீட்டினால் போதும். ஐந்து நிமிட வேலைதான். அடுத்த பிராணியைப் படுக்க வைப்பது அதன் பிறகே நடக்க வேண்டும். கத்தி தயாராகும் முன் பிராணியைக் கட்டிப் படுக்க வைத்துவிட்டுக் காத்திருப்பது, நாம் மேலே கண்ட கண்டனத்திற்கு உரிய செயலாகிவிடும்.

கத்தியைக் கொண்டு செல்லும்போதும் ஒழுங்கு தேவை. அம்புகளுடன் பள்ளிவாசலையோ கடைத்தெருவையோ கடந்து செல்பவர், பிறரைக் காயப்படுத்தாதிருக்க அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபியவர்கள் பணித்த செய்தி புகாரியில் உள்ளது. பெருநாள் காலையில் புத்தாடையுடன் ஓடியாடும் குழந்தைகள் நடுவே உறையில்லாக் கத்தியுடன் நடப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தடித்த தோலிலோ அட்டையிலோ ஓர் உறை செய்துகொள்வது பெரிய காரியமா?

வேலை முடிந்ததும் கத்திகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிறிது எண்ணெய் தடவி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வைரத் தகட்டையும் சோப்பிட்டுக் கழுவி உலர்த்துங்கள். ஆண்டு முழுவதும் அதே சாணை உங்கள் சமையலறைக்கும் உதவும். அவ்வாறு கை பழகியிருந்தால் அடுத்த துல்ஹஜ்ஜில் எவரையும் தேடி ஓட வேண்டியிராது.

எளிய கருவி, பெரிய பொறுப்பு

ஸல்உ மலையருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அடிமைப் பெண், சாகக் கிடந்த ஆட்டை ஒரு கல்லை உடைத்து அதன் கூரால் அறுத்ததையும், அதை உண்ண நபியவர்கள் அனுமதித்ததையும் புகாரியில் காண்கிறோம். கையில் எதுவுமில்லாத நெருக்கடியில் மார்க்கம் தந்த சலுகை அது. கடைக்குக் கடை சாணை கிடைக்கும் இக்காலத்தில், பல நாள் அவகாசமும் இருக்கும்போது, மழுங்கிய கத்தியுடன் செல்லும் நமக்கு அந்தச் சலுகையில் என்ன பங்கு இருக்கிறது?

குர்பானியின் இறைச்சியும் இரத்தமும் இறைவனைச் சென்றடைவதில்லை. நம் உள்ளத்தின் பயபக்தியே அவனைச் சென்றடைகிறது என்ற கருத்தைத் திருமறையின் 22-ஆம் அத்தியாயம், 37-ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. அந்தப் பயபக்தி, வாயற்ற ஜீவனிடம் நாம் காட்டும் பரிவிலும் வெளிப்பட வேண்டும். இந்த ஆண்டு பிராணிக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியை ஒரு நல்ல சாணைக்கும் ஒதுக்குங்கள். பெருநாளுக்கு முந்திய வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை, குடும்பத்தினர் சேர்ந்து அமர்ந்து கத்தி தீட்டப் பழகுவதற்குச் செலவிடுங்கள்.

நம் குர்பானிகளை அழகிய முறையில் நிறைவேற்றவும், அவற்றை ஏற்றுக்கொள்ளவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.